வெளிநாட்டு டிவிடி ஏன் ஓடவில்லை? ரீஜன் கோடும் ரீஜன் ஃப்ரீ பிளேயரும்

காசு கொடுத்து வாங்கிய ஒரிஜினல் டிவிடி ஓடவில்லை என்றால் பழி முதலில் ரீஜன் கோடு மேல்தான் விழுகிறது; டிஸ்க் எந்த நாட்டுப் பிளேயர்களில் ஓடலாம் என்று கட்டுப்படுத்தும் மண்டல எண் அது. பல நேரங்களில் குற்றம் அதனுடையது இல்லை. வெளிநாட்டு டிஸ்க்கோ பிளேயரோ நம் வீட்டில் வேலை செய்ய மூன்று விஷயங்கள் ஒத்துப்போக வேண்டும்: ரீஜன், டிவி சிஸ்டம் (டிவிக்குப் படத்தை அனுப்பும் முறை, நாட்டுக்கு நாடு வேறு), மின் அழுத்தம். மூன்றும் தனித்தனி. ஒன்றைச் சரிசெய்தால் மற்றது தானாகச் சரியாகாது. “ரீஜன் ஃப்ரீ” என்று பெட்டியில் எழுதியிருப்பது முதலாவதற்கு மட்டும்தான் உத்தரவாதம்.

முதலில் அறிகுறியைப் பாருங்கள்

ரீஜன் பூட்டு வாசலிலேயே நிறுத்திவிடும். டிஸ்க்கைப் போட்டதும் ஒன்றிரண்டு நொடி சுழன்று, “ராங் ரீஜன்”, “செக் ரீஜனல் கோடு” என்ற மாதிரி ஒரு வரி திரையில் வந்து நின்றுவிட்டால் அது ரீஜன்தான். படம் தொடங்கி ஒரு மணி நேரம் ஓடிவிட்டுச் சிக்கிக்கொண்டால் ரீஜனுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

நடுவில் சிக்குவதற்குப் பெரும்பாலும் இரண்டு காரணங்கள். ஒன்று கீறல், அழுக்கு. நடுத்துளையிலிருந்து ஓரம் நோக்கி நேர்கோட்டில், மெல்லிய துணியால் துடைக்க வேண்டும். வட்டமாகத் துடைத்தால் தடத்தோடு சேர்ந்து நீளமான கீறல் விழும், அதைத் திருத்த பிளேயரால் முடியாது. இன்னொன்று லேசர் பலவீனம். 4.7 ஜிபி டிஸ்க்கில் ஒரே அடுக்குதான். 8.5 ஜிபி டிஸ்க்கில் இரண்டு அடுக்குகள். படத்தின் நடுவாக்கில் லேசர் அடுக்கு மாறும். வயதான லேசர் அந்த இடத்தில்தான் தடுமாறும். இரண்டு மூன்று டிஸ்க் எல்லாமே பாதியில் நின்றால் பிளேயரைச் சந்தேகியுங்கள்.

“நோ டிஸ்க்”, “டிஸ்க் எரர்” என்று வந்தாலும் பெரும்பாலும் ரீஜன் இல்லை. படம் கறுப்பு வெள்ளையாக மேலே கீழே உருண்டால், அல்லது சத்தம் மட்டும் வந்தால், அது டிவி சிஸ்டம் பிரச்சினை. அதற்குக் கீழே வருவோம்.

எந்த ஊர், எந்த எண்

டிஸ்க் உறையின் பின்பக்கம் சின்ன உலக உருண்டை ஒன்று இருக்கும், அதற்குள் ஓர் எண். அதுதான் ரீஜன்.

1 – அமெரிக்கா, கனடா
2 – பிரிட்டன் உள்ளிட்ட மேற்கு ஐரோப்பா, வளைகுடா நாடுகள், எகிப்து, தென்னாப்பிரிக்கா, ஜப்பான்
3 – சிங்கப்பூர், மலேசியா, தென்கிழக்கு ஆசியா, தென் கொரியா, தைவான், ஹாங்காங்
4 – ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, மெக்சிகோ, தென் அமெரிக்கா
5 – இந்தியா, இலங்கை, பாகிஸ்தான், ரஷ்யா, ஆப்பிரிக்காவின் பெரும்பகுதி
6 – சீனா

7 ஒதுக்கி வைக்கப்பட்டது. 8 விமானம், சொகுசுக் கப்பல் போன்ற இடங்களுக்கானது. கடையில் கண்ணில் படாது.

இந்தப் பட்டியலைத் தமிழர் கண்ணால் பார்த்தால் சிக்கல் உடனே புரியும். டொரன்டோ 1, லண்டனும் துபாயும் 2, சிங்கப்பூர் 3, சிட்னி 4, சென்னையும் யாழ்ப்பாணமும் 5. ஒரே குடும்பத்தின் டிஸ்க்குகள் ஐந்து மண்டலங்களில் இருக்கலாம்! நல்லவேளையாக, வெளிநாட்டு விற்பனைக்கென்று அச்சான தமிழ்ப் பட டிவிடிகள் பலவற்றில் ரீஜன் பூட்டே கிடையாது. உருண்டைக்குள் “ஆல்” என்றோ 0 என்றோ இருக்கும். மாட்டிக்கொள்வது பெரும்பாலும் ஹாலிவுட் படம், பிபிசி தொடர், ஜப்பான் அனிமே போன்றவைதான். வீட்டில் பதிந்த கல்யாண டிவிடி, விசிடி, ஆடியோ சிடி எதற்கும் ரீஜன் இல்லை.

உருண்டைக்குள் 2, 4 என்று இரண்டு எண் இருந்தால் இரு மண்டலத்திலும் ஓடும். பிரிட்டனுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் சேர்த்து அச்சிட்ட டிஸ்க்குகள் அப்படி நிறைய உண்டு. இரண்டும் பிஏஎல் என்ற ஒரே டிவி சிஸ்டத்தைப் பின்பற்றும் நாடுகள் என்பதால் ஒரே அச்சு போதும். உறையில் 5 என்று போட்டுவிட்டு உள்ளே பூட்டே போடாத டிஸ்க்குகளும் உண்டு. உறையைப் பார்த்து ஒதுக்காமல் ஒருமுறை போட்டுப் பார்ப்பதில் நஷ்டமில்லை.

பூட்டு எப்படி வேலை செய்கிறது

டிஸ்க்கில் ஒரே ஒரு பைட், அதாவது எட்டு பிட். ஒவ்வொரு பிட்டும் ஒரு மண்டலம். வலது ஓரம் மண்டலம் 1, இடது ஓரம் மண்டலம் 8. பிட் 1 என்றால் அந்த மண்டலத்தில் தடை, 0 என்றால் அனுமதி. அமெரிக்க டிஸ்க்கில் 11111110 இருக்கும். இந்திய டிஸ்க்கில் 11101111. பிரிட்டனுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் பொதுவானதில் 11110101. எல்லாமே பூஜ்யம் என்றால் எங்கும் ஓடும். ஆக, “ரீஜன் 0” என்று தனியாக ஒரு மண்டலம் கிடையாது; தடையே இல்லை என்பதுதான் அதன் பொருள்.

பிளேயரின் நினைவில் அதன் மண்டல எண் இருக்கும். டிஸ்க்கின் பைட்டில் தன் பிட்டைப் பார்த்து, 1 இருந்தால் மறுத்துவிடும். படத்தின் தரவு எந்த விதத்திலும் வேறுபட்டதில்லை. டிவிடியைக் குறியாக்கிப் பூட்டும் சிஎஸ்எஸ் முறைக்கு உரிமம் வாங்கும் பிளேயர் தயாரிப்பாளர் இந்தச் சோதனையைச் செய்தாக வேண்டும் என்பது நிபந்தனை. அதனால்தான் பெரிய நிறுவனப் பிளேயர்கள் பூட்டோடு கடைக்கு வந்தன.

டிவிடி 1996 நவம்பரில் ஜப்பானிலும் 1997 மார்ச்சில் அமெரிக்காவிலும் விற்பனைக்கு வந்தது. அன்றைக்கு அமெரிக்காவில் டிவிடி வெளியாகும்போது மற்ற நாட்டுத் தியேட்டர்களில் படமே வந்திருக்காது. அந்த வசூலைக் காப்பாற்றவும், நாட்டுக்கு நாடு வேறு விலை வைக்கவும் ஸ்டுடியோக்கள் கேட்டு வாங்கிய ஏற்பாடு இது. பார்ப்பவருக்கு இதில் ஒரு நன்மையும் இல்லை.

ரீஜன் ஃப்ரீ என்பதிலும் ரகம் உண்டு

வாங்கும்போது “ரீஜன் ஃப்ரீயா?” என்று மட்டும் கேட்காதீர்கள். எந்த மாதிரி என்று கேளுங்கள்.

முதல் ரகம் சோதனையையே விட்டுவிடும். எந்த டிஸ்க் வந்தாலும் உள்ளே விடும். இரண்டாவது, டிஸ்க்கின் பைட்டைப் படித்து, அதற்கேற்பத் தன் எண்ணை மாற்றிக்கொள்ளும் ஆட்டோ ரகம். மூன்றாவதில் ரிமோட் மூலம் நாமே 1, 2, 3 என்று எண்ணைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கேட்பதற்கு மூன்றாவதுதான் தொல்லை. ஆனால் நம்பகமானது அதுதான்.

காரணம் ஆர்சிஇ என்ற இன்னொரு பூட்டு. ரீஜன் ஃப்ரீ பிளேயர்கள் பெருகியதைப் பார்த்து, 2000-ம் ஆண்டில் சில ஹாலிவுட் ஸ்டுடியோக்கள் ரீஜன் 1 டிஸ்க்குகளில் இந்தக் கூடுதல் சோதனையைச் சேர்த்தன. பிளேயர் டிஸ்க்கைச் சோதிப்பது போக, டிஸ்க்கில் உள்ள மெனு நிரலே பிளேயரின் எண்ணைக் கேட்கும். 1 என்ற பதில் வராவிட்டால் படம் தொடங்காது. ஓர் உலக வரைபடமும் எச்சரிக்கையும் மட்டும் வந்து நிற்கும். சோதனையை விட்டுவிடும் முதல் ரகப் பிளேயர் இங்கே மாட்டிக்கொள்ளும். ஆட்டோ ரகத்திலும் சில ஏமாந்துபோகும். பிளேயரின் எண்ணை நாமே 1 என்று வைத்துவிட்டால் டிஸ்க்குக்கு வித்தியாசம் தெரியாது. எனவே “ரீஜன் 0” என்று வைத்திருந்தும் ஓர் அமெரிக்க டிஸ்க் மட்டும் முரண்டு பிடித்தால், எண்ணை 1-க்கு மாற்றிப் பாருங்கள். முடிந்ததும் 0-க்குத் திருப்பிவிடலாம்.

இருக்கிற பிளேயரைத் திறக்க முடியுமா?

பல பிளேயர்களில் முடியும். ஒரே மெயின் போர்டை எல்லா நாட்டுக்கும் தயாரித்து, கடைசியில் ஃபாக்டரியில் மண்டல எண்ணை மட்டும் ஏற்றுவார்கள். அந்த ரகசிய மெனு ரிமோட் வழியாகவே திறக்கும். பரவலாகத் தெரிந்த மூன்று முறைகள்:

பிலிப்ஸ் டிவிபி வரிசையில் சில மாடல்கள்: டிஸ்க் இல்லாமல் செட்டப் மெனுவுக்குள் போய், பிரிஃபரன்ஸ் பக்கத்தில் நின்று 1 3 8 9 3 1 அழுத்தினால் ஓர் எண் தெரியும். மேல், கீழ் பொத்தானால் 0 அல்லது வேண்டிய எண்ணை வைத்து, செட்டப்பை அழுத்தி வெளியே வர வேண்டும்.

எல்ஜி சில மாடல்கள்: டிஸ்க் இல்லாமல் செட்டப்பில் 1 3 9 7 3 9 அழுத்தி எண்டர். மண்டல எண் வரும். 0 கொடுத்து எண்டர் அழுத்தி, பவரை அணைத்துப் போட வேண்டும்.

சாம்சங் பழைய மாடல்கள் சில: டிஸ்க் இல்லாமல் ஆன் செய்து, ரிப்பீட் பொத்தானை அழுத்திவிட்டு, பிளேயரின் மண்டலத்துக்குரிய ஐந்து இலக்கம். ரீஜன் 1 என்றால் 29334, 2 என்றால் 38767, 5 என்றால் 53814. திரையில் எண் தெரிந்ததும் 9 அழுத்தினால் எல்லா மண்டலமும் திறக்கும்.

ஒரே கம்பெனியில் அடுத்த மாடலுக்கே முறை மாறும். அதனால் பிளேயரின் பின்பக்கம் உள்ள முழு மாடல் எண்ணைக் கடைசி எழுத்து வரை குறித்துக்கொண்டு, அதற்கான முறையைத் தேடுங்கள். உதாரணமாக, பிலிப்ஸ் மாடல் எண்ணின் கடைசியில் உள்ள சாய்கோடும் இரண்டு இலக்கமும் எந்தச் சந்தைக்கான தயாரிப்பு என்பதைச் சொல்லும். அதை விட்டுவிட்டால் தவறான முறை கையில் வரும். கம்பெனி ரிமோட்டே தேவை. கடையில் கிடைக்கும் பொது ரிமோட்டில் சில பொத்தான்கள் வேறு சிக்னல் அனுப்பும், மெனு திறக்காது. சோனி, பயனியர் மாடல்கள் பலவற்றில் சாதாரண ரிமோட் உதவாது. சர்வீஸ் ரிமோட்டோ உள்ளே வேலையோ வேண்டும். அந்தச் செலவுக்கு வேறு பிளேயர் வாங்கிவிடலாம்.

மலிவான பிளேயர்களில் ஃபர்ம்வேரை, அதாவது பிளேயரை இயக்கும் உள் மென்பொருளை, சிடியில் எழுதி ஏற்றும் வழியும் உண்டு. ஏற்றிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனாலோ, வேறு மாடலின் ஃபைலை ஏற்றினாலோ, பிளேயர் அப்புறம் ஆன் ஆகாது. ரிமோட் வழி இருக்கும்போது இதைத் தொடவே வேண்டாம்.

டிவி சிஸ்டம்: இரண்டாவது பூட்டு

இந்தியா, இலங்கை, சிங்கப்பூர், மலேசியா, பிரிட்டன், ஆஸ்திரேலியா, வளைகுடா எல்லாம் பிஏஎல். அமெரிக்கா, கனடா, ஜப்பான் என்டிஎஸ்சி. பிஏஎல் டிஸ்க்கில் படம் 720 × 576 புள்ளிகள், நொடிக்கு 25 சட்டகம். என்டிஎஸ்சியில் 720 × 480, நொடிக்கு 29.97.

ரீஜனும் இதுவும் ஒன்றல்ல என்பதற்கு ஜப்பானே சாட்சி. லண்டனைப் போல அதுவும் ரீஜன் 2. ஆனால் டிஸ்க் என்டிஎஸ்சி. ரீஜன் பொருந்தியும் லண்டன் டிஸ்க் ஜப்பானில் உள்ள சாதாரண பிளேயரில் ஓடாமல் போகலாம்.

நம் ஊரில் இது பெரிய தலைவலி இல்லை. பிஏஎல் நாடுகளில் விற்ற பிளேயர், டிவி பெரும்பாலும் இரண்டையும் ஏற்கும். எதிர்த்திசைதான் கஷ்டம்: சென்னையில் வாங்கிய பிஏஎல் டிஸ்க்கை நியூ ஜெர்சிக்குக் கொண்டுபோனால் அங்கே உள்ள பிளேயர் பல நேரம் மறுக்கும். அவர்களுக்கு வேண்டியது ரீஜன் ஃப்ரீ என்பதோடு பிஏஎல்லை என்டிஎஸ்சியாக மாற்றித் தரும் பிளேயர்.

பிளேயர் செட்டப்பில் டிவி டைப் என்று ஒன்று இருக்கும்: பிஏஎல், என்டிஎஸ்சி, மல்டி அல்லது ஆட்டோ. டிவி இரண்டையும் ஏற்றால் மல்டியில் விடுங்கள். டிஸ்க்கில் இருப்பது அப்படியே போகும், படம் தெளிவாக இருக்கும். டிவி ஒன்றை மட்டும் ஏற்குமென்றால் அதற்குப் பூட்டிவிடுங்கள். பிளேயரே மாற்றித் தரும். ஆனால் கேமரா பக்கவாட்டில் நகரும் காட்சிகளில் லேசான திக்கல் தெரியும். மலிவான பிளேயரில் இன்னும் கூடுதலாக. எச்டிஎம்ஐ வழியாக அமெரிக்க டிவியில் போட்டுத் திரை வெறுமையாக இருந்தால், அந்த டிவி பிஏஎல்லின் 50 ஹெர்ட்ஸ் சிக்னலை ஏற்கவில்லை. வெளியீட்டை 60 ஹெர்ட்ஸுக்கு மாற்ற வேண்டும்.

இங்கே எல்லாரும் மாட்டும் ஒரு பொறி உண்டு. தவறான சிஸ்டத்தைத் தேர்ந்தெடுத்ததும் படம் உருள ஆரம்பிக்கும், மெனுவும் தெரியாது, திருப்பி மாற்றவும் வழி தெரியாது. பல பிளேயர் ரிமோட்டில் இதற்கென்றே பி/என் என்று ஒரு பொத்தான் இருக்கும். டிஸ்க்கை எடுத்துவிட்டு அதை அழுத்தினால் ஒவ்வொரு அழுத்தலுக்கும் சிஸ்டம் மாறும்.

பிஏஎல் டிவிடியில் படம் சற்று வேகமாக ஓடும் என்பது பலருக்குத் தெரியாது. நொடிக்கு 24 சட்டகத்தில் எடுத்த படத்தை 25-ல் ஓட்டுவதால் வேகம் 4 சதவீதம் கூடும். இரண்டு மணி நேரப் படம் ஏறக்குறைய 115 நிமிடத்தில் முடியும். வெட்டிவிட்டார்கள் என்று சண்டைக்குப் போக வேண்டாம். ஒலியைத் திருத்தாமல் விட்டிருந்தால் பாட்டின் சுருதியும் ஏறும், அரைக்கட்டைக்குச் சற்றுக் குறைவாக. காது பழகியவர்களுக்கு உறுத்தும்.

கம்ப்யூட்டர் டிரைவ்

இங்கே விதி கடுமை. 2000 ஜனவரியிலிருந்து வந்த டிரைவ்களில் பூட்டு டிரைவுக்குள்ளேயே இருக்கிறது. 5 முறை மட்டும் மாற்றலாம். அத்தோடு கடைசியாக வைத்த எண் நிலைத்துவிடும். எண்ணிக்கை டிரைவின் சிப்பில் இருப்பதால் விண்டோஸைப் புதிதாக ஏற்றினாலும், வேறு கம்ப்யூட்டரில் மாட்டினாலும் மாறாது.

பார்க்க: விண்டோஸில் டிவைஸ் மேனேஜர், டிவிடி டிரைவ் மேல் வலது கிளிக், ப்ராபர்ட்டீஸ், டிவிடி ரீஜன் பக்கம். இன்றைய மண்டலமும் மிச்சமுள்ள வாய்ப்புகளும் அங்கே தெரியும். மாற்றும்போது பல டிரைவ்கள் அந்த மண்டலத்து டிஸ்க் உள்ளே இருந்தால்தான் ஒத்துக்கொள்ளும். ஒரே ஒரு படத்துக்காக ஒரு வாய்ப்பைச் செலவழிக்காதீர்கள். “மாற்றட்டுமா” என்று மென்பொருள் கேட்டதும் படிக்காமல் சரி என்று சொல்லித்தான் பலர் ஐந்தையும் தீர்த்துவிடுகிறார்கள்.

விஎல்சி பிளேயர் என்ற மென்பொருள் சிஎஸ்எஸ் பூட்டைத் தானே அவிழ்ப்பதால் பெரும்பாலான டிரைவ்களில் ரீஜன் பார்க்காமல் ஓட்டிவிடும். மட்சுஷிட்டா (பானசோனிக்) டிரைவ்கள் விதிவிலக்கு. மண்டலம் பொருந்தாத டிஸ்க்கின் தரவை அவை வெளியே விடுவதே இல்லை. பழைய லேப்டாப்கள் பலவற்றில் இருப்பது அவைதான். அடிக்கடி இரண்டு நாட்டு டிஸ்க் பார்ப்பவர்கள் ஒரு யுஎஸ்பி டிரைவ் கூடுதலாக வாங்கி, ஒன்றை 5-லும் மற்றதை 1-லும் நிரந்தரமாக வைத்து, மேலே எண்ணை ஒட்டிவிடுவது நல்லது.

ப்ளூ ரே

இதில் மண்டலம் மூன்றுதான். ஏ: அமெரிக்கக் கண்டங்கள், ஜப்பான், கொரியா, தென்கிழக்கு ஆசியா. பி: ஐரோப்பா, வளைகுடா, ஆப்பிரிக்கா, ஆஸ்திரேலியா. சி: இந்தியா, இலங்கை, சீனா, ரஷ்யா. 4கே அல்ட்ரா எச்டி டிஸ்க்குக்கு ரீஜனே இல்லை. ஆனால் அதே பெட்டியில் சேர்ந்து வரும் சாதாரண ப்ளூ ரே பூட்டியிருக்கலாம்.

ப்ளூ ரே பிளேயரில் டிவிடிக்கு ஒரு மண்டலம், ப்ளூ ரேக்கு ஒரு மண்டலம் என்று இரண்டு இருக்கும். ரிமோட் முறையில் திறப்பது பல நேரம் டிவிடி பகுதி மட்டும்தான். விற்பவர் “ரீஜன் ஃப்ரீ” என்றால் எது என்று கேட்டு, ஏ, பி இரண்டு டிஸ்க்கையும் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். ப்ளூ ரே பகுதிக்குப் பெரும்பாலும் உள்ளே தனியாகச் சிப் வைக்க வேண்டும்.

பிளேயர் வெளிநாட்டிலிருந்து வந்தால்

பிளக்கைச் செருகுவதற்கு முன் பின்பக்க லேபிளைப் படியுங்கள். 100–240 வோல்ட் என்றிருந்தால் பின் மாற்றும் அடாப்டர் போதும். 120 வோல்ட், அல்லது ஜப்பான் பிளேயரில் 100 வோல்ட் மட்டும் இருந்தால் நேரடியாகச் செருகவே கூடாது. நம் 230 வோல்ட் உள்ளே நேர்மின்சாரமாக மாறும்போது சுமார் 325 வோல்ட் ஆகும்; அங்கே இருக்கும் கப்பாசிட்டர் 200 வோல்ட் தாங்குவது. வெடித்துவிடும், ஃபியூஸும் போகும். டிவிடி பிளேயர் இழுப்பது 10 முதல் 20 வாட் என்பதால் 50 வாட் ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் தாராளம்.

பழைய பிளேயரை நேரில் வாங்கினால் கையோடு கொண்டுபோக வேண்டியவை: வேற்று மண்டலத்து டிஸ்க் ஒன்று, முடிந்தால் 2000-க்குப் பிந்தைய அமெரிக்க ஹாலிவுட் டிஸ்க்காக, பிஏஎல் ஒன்று, என்டிஎஸ்சி ஒன்று, 8.5 ஜிபி டிஸ்க் ஒன்று. கடைசி டிஸ்க்கை அடுக்கு மாறும் நடுப்பகுதி வரை வேகமாக ஓட்டிப் பார்க்க வேண்டும். ரிமோட் இல்லாத பிளேயர் இலவசமாக வந்தாலும் யோசியுங்கள். ரீஜன் மாற்றும் வழியே அதில்தான் இருக்கிறது.

சட்டம் பற்றி ஒரு வார்த்தை. இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012-ல் சேர்ந்த 65ஏ பிரிவு, உரிமையை மீறும் நோக்கத்தோடு தொழில்நுட்பப் பாதுகாப்பை உடைப்பதைத்தான் குற்றமாக்குகிறது. ஆஸ்திரேலியச் சட்டம், சந்தையை நாடு வாரியாகப் பிரிக்கும் பூட்டுகளைப் பாதுகாப்புப் பட்டியலிலிருந்தே விலக்கிவைத்திருக்கிறது. அமெரிக்காவில் சிஎஸ்எஸ் உடைக்கும் மென்பொருள் விஷயம் இன்னும் கெடுபிடியானது. அங்கே இருப்பவர்களுக்கு ரீஜன் ஃப்ரீ பிளேயரே தொல்லையில்லாத வழி.